சிங்காசனம் எழுதாத சீட்டுகள்

சபையில் எல்லோருமே தாவீதுதான். சவுலாக இருக்க ஒருவரும் முன்வரவில்லை. தாராவியில், தோல் பை தைக்கிற பட்டறைக்கு மேல்மாடியில் நடந்த அந்தச் சின்னச் சபைக்கு வருகிறவர்கள் இஸ்ரவேல் ராஜாக்களின் கதையைக் கேட்டுக் கேட்டு ஊறிப்போனவர்கள். அதில் பொறாமையில் ஈட்டி எறிகிற ராஜா சவுல், அந்த ஈட்டிக்குத் தப்பி அடுத்த ராஜாவாகிறவன் தாவீது. ஆபீஸில் மேனேஜர் ஏசினால் மேனேஜர் சவுல், ஏச்சு வாங்கினவர் தாவீது. மாமியாரோடு சண்டை வந்தால் மருமகள் தாவீது. அந்த மாமியாரைக் கேட்டால் அவரும் தாவீதுதான். ஈட்டியை எறிந்தது யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே பாஸ்டர் காசிராஜனுக்கும் அவருடைய மருமகன் சுதனுக்கும் முட்டிக்கொண்டபோது சபை இரண்டாகப் பிரிந்து நின்றது. இரண்டு பக்கமும் தன் ஆளைத்தான் தாவீது என்றது. நடுவில் அகப்பட்டவள் ஜெபா. முன்னவருக்கு மகள், பின்னவனுக்கு மனைவி. மூன்று பேரும் சபைக் கூடத்துக்குப் பின்னால் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அந்தப் பழைய கதையில் அவளுக்கும் ஓர் இடம் உண்டு. சவுலின் மகள் மீகாள், தாவீதின் மனைவி. அப்பா கொல்ல ஆள் அனுப்பியபோது புருஷனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டு, அப்புறம் அப்பாவிடம் பொய் சொன்னவள். அதற்குப் பிறகு அவள் எப்படிச் சாப்பிட்டாள், யாரோடு பேசினாள் என்று ஜெபா பல தடவை யோசித்திருக்கிறாள். அப்பா மீகாளைப் பற்றி ஒருநாளும் பிரசங்கம் பண்ணியதில்லை.

காசிராஜன் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். பகலெல்லாம் தோல் வெட்டி, சாயங்காலம் பாய் விரித்து நாலு பேரோடு ஜெபம் பண்ணி ஆரம்பித்த சபை அது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு எல்லாமே சபைதான். வேதத்தில் இந்த ராஜாக்கள் கதை வருகிற சாமுவேலின் புத்தகங்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தன்னை அபிஷேகம் பண்ணித் தலையில் எண்ணெய் ஊற்றிய நாளை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். தேவன் அபிஷேகம் பண்ணினவன்மேல் மனுஷன் கை போடக் கூடாது என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். குகைக்குள் சவுல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தும் தாவீது அவனைத் தொடவில்லையே என்பார். ஃபேன் ஏன் ஓடவில்லை என்று கேட்ட மூப்பருக்கும் இதே பதில்தான். பெண்கள் மேடையில் நின்று வேதம் வாசித்தால் என்ன என்று ஜெபா ஒருமுறை கேட்டதற்கும் இதே பதில்தான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சுதன் சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவன். சான்பாடாவில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு. தமிழ் நன்றாகப் பேசுவான். வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி முதல் வரியை முடிப்பதற்குள் வேர்த்துவிடும். கையெழுத்து என்றால் அதுவும் இல்லை. போனில் இங்கிலீஷ் வேதத்தை வைத்துக்கொண்டு, பாதி இந்தி கலந்து பேசுவான். வாலிபப் பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. அவன் பேசுகிற வாரம் படிக்கட்டுவரை செருப்பு கிடக்கும். காசிராஜன் முதலில் சந்தோஷப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். சீத்தா கேம்ப் கூட்டத்தில் கனகவள்ளி அக்கா எழுந்து சாட்சி சொல்லும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பாஸ்டர் ஜெபம் பண்ணினபோது தனக்குக் காய்ச்சல் விட்டது என்றாள் அவள். சுதன் தம்பி ஜெபம் பண்ணினபோதோ, வருஷக்கணக்காக வீட்டில் கிடந்த மகனுக்கு வேலையே கிடைத்தது என்றாள். மனசில் எதையும் வைத்துக்கொண்டு அவள் சொல்லவில்லை. அன்று காசிராஜன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அதிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. அப்பா வீட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சுதன் போனில் சிரித்தால் யாரோடு சிரிக்கிறான் என்று கேட்டார். வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் வீடு அதிரக் கத்தினார். ஒருநாள் டம்ளர் பறந்து சுவரில் மோதி விழுந்தது. சுதன்மேல் எறிந்தாரா, கை தட்டிப் போயிற்றா என்று ஜெபா கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து சுதன் அம்பர்நாத்துக்குப் போய்வந்தான். மறுநாள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தவளுக்கு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. தலைக்கு எண்ணெயே வைக்காதவன் அவன். கேட்டதும் ஒளிக்காமல் சொன்னான். அங்கே ஒரு தீர்க்கதரிசி அவன் தலையில் எண்ணெய் ஊற்றி, இந்தச் சபை இனி உன் கையில் என்று சொல்லிவிட்டாராம். மாமாவிடம் இப்போது மூச்சு விடாதே என்றான். ஜெபாவுக்குப் பக்தி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரே வீட்டுக்குள் எண்ணெய் ஊற்றிய தலை இரண்டு, அந்த இரண்டுக்கும் சோறு வடிக்கிறவள் அவள். தேவன் அவளையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இந்த மாதிரி விஷயம் எத்தனை நாள் மறைந்திருக்கும்? கிறிஸ்துமஸுக்கு முன்பே வெளியே வந்து, மூப்பர்கள் கூடி, சத்தம் தெருவரை கேட்டது. கீழே பட்டறை வைத்திருந்த கணேசபாண்டியன் அண்ணாச்சிகூட மேலே ஏறி வந்து, எங்கள் கோயில் கமிட்டியிலும் இதே கூத்துதான் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் வழி சொன்னது காசிராஜனே. இஸ்ரவேலின் முதல் ராஜாவை மிஸ்பாவில் சீட்டுப் போட்டுத்தானே தேவன் காட்டினார்? நாமும் வருஷப் பிறப்பு வாக்குத்தத்தச் சீட்டில் அவரையே பேச விடுவோம் என்றார்.

அது சபையின் வழக்கம். வருஷத்தின் முதல் ஆராதனையில் சீட்டுகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்து, அதில் எழுதியிருக்கிற வசனத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க அதுதான் தேவன் அவருக்குத் தந்த வாக்கு. இந்தத் தடவை காசிராஜனும் சுதனும் முதலில் எடுப்பது என்றும், யாருடைய சீட்டில் சிங்காசனமோ செங்கோலோ கிரீடமோ வருகிறதோ அவருக்கே மேடை என்றும், மற்றவர் சபையையும் வீட்டையும் விட்டுப் போய்விட வேண்டும் என்றும் முடிவாயிற்று. இருவரும் யோசிக்காமல் சம்மதித்தார்கள். தேவன் தன் பக்கம்தான் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

ஜெபாவுக்குத் தூக்கம் போயிற்று. சுதன் போனால் அவளும் பெட்டி கட்ட வேண்டும், அப்பாவுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்ற ஆள் இருக்காது. அப்பா போவதென்றால் எங்கே போவார்? ஊரில் அவரைத் தெரிந்தவர்கள்கூட இப்போது இல்லை. யார் ஜெயித்தாலும் தோற்கப்போவது அவள்தான். ஜெபம் பண்ணலாம் என்று முழங்கால் போட்டால், போய் முறையிட வேண்டிய அந்த இடத்திலிருந்துதான் இரண்டு பேருமே உத்தரவு வாங்கி வந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்து வாயை அடைத்தது.

மற்றச் சபைகளில் பூப்படம் போட்ட அச்சு அட்டைகளை வாங்கி வைப்பார்கள். காசிராஜனுக்கு அச்சுக்காரர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. தமிழ் மீடியத்தில் படித்த மகள்தான் ஒவ்வொரு வருஷமும் சார்ட் பேப்பரை வெட்டிக் கையால் வசனம் எழுதுவாள். தேவன் சீட்டில் பேசுவார், சரி. ஆனால் ஜெபா எழுதினால்தான் பேசுவார். சபை இதை மறந்துவிட்டது. அந்த இரண்டு பேர் மட்டும் மறக்கவில்லை.

முதலில் வந்தவர் அப்பா. அவள் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

“தாவீதுக்குக் குடுத்த வாக்கு இருக்குல்லா, சிங்காசனம் அசையாதுன்னு. அதை எழுதி எல்லாத்துக்கும் மேல வையி. நான் மேல உள்ளதத்தான் எடுப்பேன்.”

“தேவன் பேசட்டும்னு நீங்கதானப்பா சொன்னிய?”

“அவரு பேசுததத்தான் பேசுவாரு. நீ மேல வையி, பிள்ள.”

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போனார்.

மறுநாள் காலை சுதன் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றான். அவன் கேட்டது வேறு மாதிரி. என்ன எழுதுகிறாய், எங்கே வைக்கிறாய் என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாம்.

“என் சீட்டை எப்படியும் நீதான் வாசிக்கப் போற. அதுல என்ன வேணா இருக்கட்டும், நீ செங்கோல் வசனத்தை வாசிச்சிரு. இது செட்டிங் இல்ல, ஜெபா. மத்லப், அதாவது, தேவன் ஏற்கனவே முடிவு பண்ணினதுதானே?”

அவனுக்கும் அவள் பதில் சொல்லவில்லை. அவனும் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டான். அவர்கள் கிளம்பிப் போன பிறகு ஜெபா வெட்டிய பேப்பர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். இத்தனை வருஷம் வேதம் வேதம் என்றவர்கள், கடைசியில் அவள் பேனாவைத்தான் நம்பி வந்திருக்கிறார்கள்.

அழுது முடித்து எழுத ஆரம்பித்தாள். அப்போதுதான் சாமுவேலின் கதையில் அப்பா எப்போதும் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதி நினைவுக்கு வந்தது. ராஜா வேண்டும் என்று கேட்டது தேவன் இல்லை, ஜனங்கள்தான். எங்களுக்கும் மற்றவர்களைப்போல ஒரு ராஜா வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அவன் உங்கள் மகன்களைத் தன் ரதத்துக்கு முன்னால் ஓடவிடுவான், உங்கள் மகள்களைச் சமைக்கவும் அப்பம் சுடவும் பிடித்துக்கொண்டு போவான் என்று தேவன் எச்சரிக்கை சொல்லியும் கேட்கவில்லை. கேட்டதைக் கொடுத்தார், மனசு நொந்து கொடுத்தார். ஜெபா அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு சிங்காசனம் வருகிற வசனங்களை ஒதுக்கினாள். செங்கோலை ஒதுக்கினாள். கிரீடத்தையும் ஒதுக்கினாள். தண்ணீர், அப்பம், நிழல், நல்ல தூக்கம், பிள்ளைகள் என்று தேடித் தேடி எழுதினாள். யாருக்கும் சிங்காசனம் வராவிட்டால் யாரும் போக வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு. தேவ வார்த்தையில் கை வைக்கிறோமே என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினாள்.

வருஷப் பிறப்பன்று காலையில் கூடம் நிரம்பிவிட்டது. பட்டறை மூடியிருந்தும் கீழேயிருந்து பசை வாடை வந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சேலை கட்டி முக்காடு போட்ட பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். எல்லோர் கண்ணும் ஜெபா கையிலிருந்த தட்டின் மேல். பெண்கள் மேடை ஏறக் கூடாது என்பதால் அவள் மேடையை ஒட்டிக் கீழே நின்றாள். காசிராஜன் பாடி முடித்து, ஜெபம் பண்ணி, கையை நீட்டித் தட்டைத் தடவி, மேலே இருந்த சீட்டை எடுத்தார். மைக் முன்னால் போய் அதை உயர்த்திப் பிடித்தார்.

உன் சிங்காசனம் அசையாது, தலைமுறை தலைமுறையாக நிற்கும் என்று கர்த்தர் சொல்லுகிறார் என்று அவர் முழங்கினதும் பாதிக் கூடம் எழுந்து நின்று அல்லேலூயா போட்டது. மீதிப் பாதி சுதனைத் திரும்பிப் பார்த்தது.

ஜெபாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்படி ஒரு சீட்டை அவள் எழுதவே இல்லை. மேடையில் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு, தேவன் பேரால் அப்பா பொய் சொல்கிறார். இப்போதே கத்திவிடலாம் என்று நிமிர்ந்தவள் அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அவளுடைய எழுத்துகள் தலைகீழாக நின்றன.

கோபம் அப்படியே வற்றிப்போயிற்று. கொஞ்ச நாளாகவே அப்பா மேடையில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகத்தான் சொல்லிவந்தார். படியிறங்கும்போது சுவரைப் பிடித்தார், மூட்டுவலி என்று நினைத்தாள். பொருள் இடம் மாறினால் கத்தினார், பொறாமை என்று நினைத்தாள். மேலே வை என்று கேட்டது எதற்கு என்று இப்போது தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதை மகள் வைத்திருப்பாள் என்று நம்பி, பார்க்க முடியாத சீட்டை வாசித்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்றே.

அதற்குள் சுதனும் தன் சீட்டை எடுத்திருந்தான். அவன் மேடைமேல் கீபோர்டு பக்கத்தில் நின்றவன். தமிழை வாசிக்கத் தெரியாதவனுக்கும் எழுத்து தலைகீழாக நிற்பது தெரியும். அவன் மைக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அவளிடம் வந்து, அதைக் கையால் பொத்திக்கொண்டு பேசினான்.

“உல்டா பிடிச்சிருக்காரு. அவருக்குக் கண்ணு தெரியல.”

“தெரியும்.”

“இப்பச் சொன்னா எல்லாம் முடிஞ்சது, ஜெபா.”

அவன் குரலில் வெறி எதுவும் இல்லை. கைக்கு எட்டினது தப்பிவிடுமோ என்ற பதற்றம்தான் இருந்தது. ஜெபா அவன் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லுங்க. சொல்லிட்டு உங்க சீட்டை நீங்களே வாசிங்க.”

சுதன் தன் கையிலிருந்த சீட்டைக் குனிந்து பார்த்தான். சபை காத்திருந்தது. அவன் உதடு அசைந்தது, முதல் எழுத்தைப் பிடித்தான், இரண்டாவதில் நின்றுவிட்டான். கழுத்தில் வேர்வை இறங்கியது. மைக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று ஜெபா கண்ணை மூடிக்கொண்டாள். அவனோ மைக்கையும் சீட்டையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தான்.

அவள் எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்தாள். நீ போகிறதையும் வருகிறதையும் கர்த்தர் காப்பார் என்று இருந்தது, அவ்வளவுதான். வாலிபப் பிள்ளைகள் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. முதல் வரிசையில் மூப்பர் ஒருவர், பாஸ்டருக்குத்தான், தீர்ந்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சுதன் மேடையேறிக் கீபோர்டுக்குப் போய் உட்கார்ந்து, மெதுவாக ஏதோ வாசிக்க ஆரம்பித்தான். சிங்காசனம் யாருக்கும் இல்லை என்று போட்ட கணக்கு இப்படிக் கவிழ்ந்து, சுதன்தான் பெட்டி கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆனால் வழக்கம் நிற்கவில்லை, மற்றவர்கள் சீட்டு எடுக்க வந்துவிட்டார்கள். பெரியவர்கள் தாங்களே வாசித்தார்கள். சின்னவர்களில் முக்கால்வாசிப் பேர் சுதனைப்போலத்தான், சீட்டை அவளிடமே நீட்டினார்கள். அவள் வாசித்தாள். வறண்ட இடத்தில் தண்ணீர், வெயிலுக்கு நிழல், படுத்தால் பயமில்லாத தூக்கம். ஆமென், ஆமென் என்று கூடம் சொல்லிக்கொண்டே வந்தது. மேடையில் காசிராஜன் உட்காரவில்லை. தலையைச் சாய்த்து ஒவ்வொரு வசனத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேதம் முழுவதும் தெரிந்த மனிதருக்கு, இந்தச் சீட்டுகளில் எந்த வசனம் வரவில்லை என்பதும் தெரியும்.

திடீரென்று கூடம் அடங்கியது. ஜெபா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா மேடையை விட்டு இறங்கியிருந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில், கனகவள்ளி அக்காவுக்குப் பின்னால் நின்றார். ஐயா, நீங்க முன்னால வாங்க என்று அவள் பதறி விலகினாள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். தன் முறை வந்ததும் முதலில் எடுத்த அதே சீட்டை நீட்டினார், அப்போதும் தலைகீழாகத்தான்.

“எனக்கும் வாசி, பிள்ள. எனக்குக் கண்ணு தெரியல.”

மைக் அவள் கையில் இருந்தது. அவர் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது. சிங்காசனம் அசையாது என்று இப்போதும் அவள் சொல்லிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. அவள் சீட்டைத் திருப்பிப் பிடித்தாள். நீ முதிர்ந்து தலை நரைக்கும்வரை நான் உன்னைச் சுமப்பேன், உன்னை உண்டாக்கினவர் நானே, இனிமேலும் உன்னைத் தாங்குவேன்.

“சிங்காசனம் இல்லையா?”

“எழுதலப்பா. யாருக்கும் எழுதல.”

“எழுதாம விடுததுக்கு நீ யாருட்டி?”

“நான்தானப்பா எழுதுதேன். வருஷா வருஷம் நான்தான் எழுதுதேன்.”

காசிராஜன் கைநீட்டிச் சுவரைத் தேடினார். அவர் கால் தடுமாறுவதைப் பார்த்து யாரோ எழுந்தார்கள். அதற்குள் கீபோர்டு நின்றது. சுதன் வந்து அவர் முழங்கையைப் பிடித்தான்.

“யாரு?”

“நான்தான், மாமா. சுதன்.”

காசிராஜன் கையை உதறவில்லை. முகத்தை மகள் இருந்த பக்கம் திருப்பி, கேட்கத் தயாராக நின்றார்.

“இன்னொருக்க வாசி, பிள்ள. நிறுத்தி வாசி. நான் சரியாக் கேக்கல.”

ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தாள்.